இரத்தம் வியர்த்த கன்றுகள்

ஐரோப்பாவில் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் மூன்று வாரத்துக்குள் இரண்டு காதிலும் அடையாள வில்லை மாட்டியாக வேண்டும். துளையிட்டதும் ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் வரும், உறைந்துவிடும், கன்றும் அதை மறந்து துள்ளப் போய்விடும். 2007ஆம் ஆண்டுவாக்கில் தெற்கு ஜெர்மனியின் பவேரியா மாநிலத்துப் பண்ணைகளில் சில கன்றுகளுக்கு மட்டும் அந்த இரத்தம் நிற்கவில்லை. காதிலிருந்து கழுத்து வழியாக வடிந்தது. மருத்துவர் ஊசி போட்ட இடத்தில் கசிந்தது. ஈ கடித்த இடத்தில் கசிந்தது. பிறகு எந்தக் காயமும் இல்லாத தோலிலேயே, மயிர்க்கால்களிலிருந்து துளித்துளியாக அரும்பியது. பண்ணைக்காரர்கள் அதை ‘இரத்த வியர்வை’ என்றார்கள்.

இந்தக் கன்றுகள் பிறக்கும்போதே நலிந்தவை அல்ல. எழுந்து நின்று, மடி தேடி, நன்றாகக் குடித்தவை. பத்து நாள், இருபது நாள் வரை எல்லாம் சரியாக இருந்தது. திடீரென்று கடும் காய்ச்சல். ஈறுகளிலும் கண்ணின் உள்ளிமையிலும் குண்டூசி முனை அளவுச் செம்புள்ளிகள். சாணத்தில் இரத்தம். நோய் வெளியே தெரிந்த கன்றுகளில் பத்துக்கு ஒன்பது வரை செத்துப்போயின. இரத்தம் ஏற்றிப் பார்த்தார்கள், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், பெரும்பாலும் பலனில்லை. வெளியே ஒரு சொட்டு இரத்தமும் காட்டாமல், காய்ச்சலோடு விழுந்து மறுநாளே இறந்த கன்றுகளும் இருந்தன.

இரத்தத்தைச் சோதித்தபோது தட்டணுக்கள் கிட்டத்தட்ட இல்லை. இரத்தம் உறைய முதலில் வேண்டியவை அவைதான். வெள்ளணுக்களும் மிகக் குறைவு. இறந்த கன்றுகளின் எலும்பைப் பிளந்து பார்த்தவர்களுக்குக் காரணம் கிடைத்தது, ஆனால் அந்தக் காரணத்துக்கான காரணம் கிடைக்கவில்லை. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு மூன்றையும் உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜை வெறுமையாகிக் கிடந்தது. ஒருவகைச் செல் மட்டும் அழிந்திருந்தால் துப்பு எளிது. மூன்று வகைக்குமான முன்னோடிச் செல்கள் எல்லாமே போயிருந்தன.

அடுத்த இரண்டு, மூன்று ஆண்டுகளில் பெல்ஜியம், நெதர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி, ஸ்காட்லாந்து என்று ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இதே சேதி வந்தது. 2009 டிசம்பரில் பிரான்சின் மார்சேய் நகரில் கூடிய மாட்டு மருத்துவர்கள், ஆளுக்கொரு பெயரில் அழைத்துவந்த இந்த நோய்க்கு ‘போவைன் நியோநேட்டல் பான்சைட்டோபீனியா’ என்று பொதுப்பெயர் வைத்தார்கள். புதிதாய்ப் பிறந்த கன்றுகளில் எல்லா இரத்த அணுக்களும் குறைந்துபோவது என்பதுதான் அதன் பொருள். பெயர் அறிகுறியைச் சொன்னது. காரணத்தைப் பற்றிச் சொல்ல அப்போது யாரிடமும் முடிவான ஒன்று இல்லை.

சந்தேகப் பட்டியல் நீளமாகவே இருந்தது. 2006 ஆகஸ்டில் நீலநாக்கு நோய் வட ஐரோப்பாவுக்குள் முதன்முறையாக நுழைந்திருந்தது. காலம் ஏறத்தாழப் பொருந்தியதால் பலரும் முதலில் அதைத்தான் பார்த்தார்கள். இறந்த கன்றுகளில் அந்த வைரஸ் இல்லை. பன்றிகளிடம் காணப்படும் சர்க்கோவைரஸ் சில கன்றுகளில் கிடைத்தது, ஆனால் அது எல்லாக் கன்றுகளிலும் இல்லை. பூஞ்சை பிடித்த தீவனத்தின் நஞ்சு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும், ஆனால் பால் மட்டுமே குடிக்கும் கன்று அதை எங்கே தின்றது? ஃபியூராசோலிடோன் என்ற பழைய மருந்து கன்றுகளுக்கு இதே போன்ற இரத்தப்போக்கை உண்டாக்கும் என்பது மாட்டு மருத்துவப் பாடங்களில் உள்ள செய்திதான். ஆனால் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதை ஐரோப்பா எப்போதோ தடை செய்துவிட்டது. பரம்பரைக் குறையாக இருக்குமோ என்றும் தேடினார்கள். ஒரே சமயத்தில், இத்தனை நாடுகளில், இத்தனை இனக் கன்றுகளில் ஒரு பரம்பரைக் குறை முளைக்க வழியில்லை.

திருப்பம் பண்ணையிலிருந்தே வந்தது. ஒருமுறை கன்றைப் பறிகொடுத்த மாடு, அடுத்த ஈற்றிலும் பறிகொடுத்தது. அந்த மாட்டின் கன்றுக்கு வேறு மாட்டின் சீம்பாலைக் கொடுத்தபோது கன்று தப்பியது. இப்போது எல்லாருடைய பார்வையும் அந்த முதல் பாலின் மேல் விழுந்தது.

மாட்டுக் கன்றுக்குச் சீம்பால் என்பது உணவைவிடப் பெரிய சங்கதி. மனிதக் குழந்தை பிறக்கும்போதே தாயின் எதிர்ப்பொருள்களைத் தன் இரத்தத்தில் கொண்டுதான் பிறக்கிறது. நாம் ஆன்டிபாடி என்றே சொல்லிப் பழகிவிட்ட அந்தப் புரதங்களை, கருவிலிருக்கும்போதே நஞ்சுக்கொடி குழந்தைக்குக் கடத்திவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அமைப்பு வேறு. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் நடுவே உள்ள திசு அடுக்குகள் அதிகம், எதிர்ப்பொருள் எதுவும் அவற்றைக் கடந்து போகாது. அதனால் கன்று நோய் எதிர்ப்பில் வெறுங்கையோடுதான் பிறக்கிறது. அந்தக் குறையைச் சீம்பால் ஈடுகட்டுகிறது. ஈனுவதற்கு முந்தைய வாரங்களில் தாய் தன் இரத்தத்திலிருந்த எதிர்ப்பொருள்களை மடியில் சேர்த்து வைக்கிறது. நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 50 கிராமுக்கும் மேல் அவை இருக்கும். பிறந்த கன்றின் சிறுகுடல் முதல் ஒரு நாள் மட்டும், அவற்றைச் செரிக்காமல், உடைக்காமல், முழுசாக இரத்தத்துக்குள் விடுகிறது. 24 மணி நேரத்தில் அந்தக் கதவு மூடிவிடும். நம் ஊர்களில் இன்னமும் சிலர் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்று காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கன்றின் உயிர்க்காப்பில் கழிந்துபோகும் நேரம். பிறந்த அரை மணியிலிருந்தே குடிக்க விட வேண்டும், கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பால் முதல் சில மணி நேரங்களில் உள்ளே போக வேண்டும். கட்டி செய்து தின்பதற்கு மிச்சம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், கன்று குடித்த பிறகு.

மியூனிக் பல்கலைக்கழகத்து மாட்டு மருத்துவர்கள் ஒரு நேரடிச் சோதனை செய்தார்கள். முன்பு இரத்தக் கன்று ஈன்ற மாடுகளின் சீம்பாலைச் சேகரித்து, அந்த மாடுகளோடு எந்த உறவும் இல்லாத, வேறு பண்ணைகளில் பிறந்த கன்றுகளுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கன்றுகளுக்கும் அதே நோய் வந்தது. குடித்த சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் தட்டணுவும் வெள்ளணுவும் சரிந்தன, சற்று மீண்டதுபோல் தெரிந்து, பிறகு நிரந்தரமாக விழுந்தன. 2011இல் இந்த முடிவு வெளியானபோது நோயின் வழி ஐயமின்றித் தெரிந்துவிட்டது. உயிர் காக்கும் சீம்பாலிலேயே, கன்றின் மஜ்ஜையை அழிக்கும் ஏதோ ஒன்று கரைந்திருந்தது.

அது என்ன என்று தேடியவர்கள் ஏற்கெனவே ஒரு தடயத்தைக் கையில் வைத்திருந்தார்கள். நோய் வந்த மந்தைகளின் பதிவேடுகளைப் புரட்டியபோது, கிட்டத்தட்ட எல்லாத் தாய் மாடுகளுக்கும் ஒரே தடுப்பூசி போடப்பட்டிருந்தது. ஃபைசர் நிறுவனத்தின் கால்நடைப் பிரிவு 2004 முதல் ஐரோப்பாவில் விற்ற ‘பிரெக்‌ஷூர் பி.வி.டி.’ அது.

இந்தத் தடுப்பூசி எந்த நோய்க்கானது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதை ஆர்வத்தோடு போட்ட பண்ணையாளர்கள் மேல் குறை சொல்ல இடமில்லை. பி.வி.டி. என்பது மாட்டு வைரஸ் வயிற்றுப்போக்கு. 1946இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் முதன்முதலில் விவரித்தார்கள். பெயரைப் பார்த்து வெறும் கழிச்சல் நோய் என்று எண்ணிவிடக் கூடாது. இதன் உண்மையான தந்திரம் கருவுக்குள் நடக்கிறது. சினையான ஏறத்தாழ 40ஆம் நாளிலிருந்து 120ஆம் நாளுக்குள் தாய்க்கு இந்த வைரஸ் தொற்றினால், அது கருவுக்குள் புகுந்துவிடும். அந்தக் காலத்தில் கருவின் நோய் எதிர்ப்பு மண்டலம், தன் உடலில் இருப்பவை எவையெவை என்று பழகிக்கொண்டிருக்கிறது. அப்போது உள்ளே இருக்கும் வைரஸையும் தன்னுடையது என்றே கற்றுக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் கன்று வாழ்நாள் முழுவதும் வைரஸை எதிர்க்காது. மூக்குச்சளி, எச்சில், சாணம் என்று எல்லா வழியிலும் கோடிக்கணக்கில் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பார்க்க நன்றாகவே இருக்கும் அப்படி ஒரு கன்று கொட்டகையில் இருந்தால் மந்தை முழுவதற்கும் கருச்சிதைவு, மலட்டுத்தன்மை, நலிந்த கன்றுகள். ஆகவே கருவைக் காக்கும் தடுப்பூசி என்பது பண்ணையாளருக்கு உண்மையான தேவை.

செத்த வைரஸைக் கொண்ட தடுப்பூசியால் கருவைக் காக்க வேண்டுமென்றால் தாயின் உடலில் எதிர்ப்பொருள் மிக அதிகமாக உருவாக வேண்டும். அதற்காக இந்தத் தடுப்பூசியில் வலுவான தூண்டுபொருள் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். சிலி நாட்டில் வளரும் சோப்புப்பட்டை மரத்தின் சப்போனினும் எண்ணெயும் கலந்தது அது. சப்போனின் மேல் மட்டும் பழி போடுவதும் சரியில்லை. அதே மரத்திலிருந்து பிரித்தெடுத்த தூய பொருள் இன்று மனிதர்களுக்கான அக்கித் தடுப்பூசியிலும் மலேரியாத் தடுப்பூசியிலும் நல்ல வேலை செய்கிறது. தூண்டுபொருள் தன் எதிரில் இருப்பதையெல்லாம் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பெரிதாகக் காட்டும். அதன் எதிரில் வைரஸோடு வேறு என்ன இருந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

வைரஸ் தானாக வளராது, அதற்கு உயிருள்ள செல் வேண்டும். 1957இல் மேடின், டார்பி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஓர் எருதின் சிறுநீரகத்திலிருந்து செல்களை எடுத்து, கண்ணாடிக் குடுவையில் முடிவில்லாமல் பெருகும்படி வளர்த்தார்கள். எம்.டி.பி.கே. என்று அழைக்கப்படும் அந்தச் செல்வரிசை இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வாழ்கிறது. அந்த எருது இறந்து எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் செல்கள் டன் கணக்கில் பெருகியிருக்கின்றன. மாட்டு வைரஸ்கள் மாட்டுச் செல்லில் நன்றாக வளரும் என்பதால் பி.வி.டி. தடுப்பூசிக்கான வைரஸையும் இந்தச் செல்களில்தான் வளர்த்தார்கள். வளர்ந்த வைரஸைப் பிரிக்கும்போது செல்லின் துணுக்குகளும் கூடவே வந்தன. பிற பி.வி.டி. தடுப்பூசி ஒன்றோடு ஒப்பிட்ட ஆய்வில், பிரெக்‌ஷூரில் மாட்டுப் புரதங்கள் பலவகையாகவும் அதிகமாகவும் இருந்தது பின்னர் தெரியவந்தது.

அந்தத் துணுக்குகளில் ஒன்று எம்.எச்.சி. வகை 1 எனும் புரதம். உட்கரு உள்ள செல் ஒவ்வொன்றின் மேலும் அது இருக்கும். மந்தையில் யாருடைய மாடு என்று காட்டும் சூட்டுக்குறி போல, இந்தச் செல் எந்த உடலைச் சேர்ந்தது என்று காட்டுவது அது. ஆளுக்கு ஆள், மாட்டுக்கு மாடு அது மாறும். உறுப்பு மாற்று அறுவையில் பொருத்தம் பார்ப்பது இதைத்தான். தடுப்பூசி போட்ட பசுவின் உடல், வைரஸைப் பார்த்தது போலவே அந்த எருதின் குறியையும் பார்த்தது. வைரஸுக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்தது போலவே அந்தக் குறிக்கு எதிராகவும் செய்தது. உள்ளே சக்திவாய்ந்த தூண்டுபொருள் இருந்ததால் அதிக அளவில் செய்தது. ஒரு மாட்டுக்கு ஆண்டுதோறும் ஊசி போட்டபோது அது மேலும் ஏறியது.

இதனால் பசுவுக்கு எதுவும் ஆகவில்லை. தன் சொந்தக் குறியைத் தாக்கும் எதிர்ப்பொருளை எந்த உடலும் சாதாரணமாகச் செய்யாது. தன்னிடம் இல்லாத, எருதிடம் இருந்த பகுதிகளுக்கு எதிராக மட்டுமே அது செய்தது. ஆனால் கன்று பாதி தாயிடமிருந்தும் பாதி காளையிடமிருந்தும் வந்தது. காளையின் வழியாக வந்த குறி, அந்த எருதின் குறியோடு ஏதோ ஒரு பகுதியில் ஒத்திருந்தால் போதும். தாயின் எதிர்ப்பொருள் கன்றை எருது என்று எண்ணித் தாக்கும். தாய்க்குப் போட்ட ஊசியின் பக்கவிளைவு, ஊசியே போடாத கன்றின் மேல் போய் விழுந்தது.

இதை ஏறத்தாழ ஒரே சமயத்தில், 2011ஐ ஒட்டி, பல இடங்களில் நிறுவினார்கள். ஜெர்மனியின் கீசென் பல்கலைக்கழகக் குழு, அந்த எதிர்ப்பொருள்கள் எம்.எச்.சி. வகை 1 புரதத்தையே பிடிக்கின்றன என்று காட்டியது. தடுப்பூசி அனுமதிக்குப் பொறுப்பான லாங்கன் நகரத்து பால் எர்லிக் நிறுவனமும், பிரான்சில் துலூஸ் ஆய்வாளர்களும் இரத்தக் கன்று ஈன்ற பசுக்களின் இரத்தத்தில் பிற மாடுகளின் செல்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டார்கள். ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு, அவை குறிப்பாக மஜ்ஜையின் முன்னோடிச் செல்களை எப்படி அழிக்கின்றன என்பதைப் பின்தொடர்ந்தது. கன்று பிறந்து பத்து நாள் வரை நலமாகத் தெரிந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. முதல் நாளிலேயே உற்பத்திச் சாலை தாக்கப்பட்டுவிட்டது, சந்தையில் இருந்த சரக்கு தீர்ந்தபோதுதான் அது வெளியே தெரிந்தது.

நடவடிக்கை ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கவில்லை, இதை நான் மதிக்கிறேன். 2010 ஏப்ரலில் ஜெர்மனியில் விற்பனை நிறுத்தப்பட்டது. ஜூனில் நிறுவனமே ஐரோப்பா முழுவதும் திரும்பப் பெற்றது. ஜூலையில் ஐரோப்பிய மருந்துகள் முகமை உரிமத்தை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. பதிவேட்டில் தெரிந்த தொடர்பு மட்டும் போதும் என்று அவர்கள் முடிவெடுத்தபோது, நோய் எப்படி நிகழ்கிறது என்பது முழுதாகத் தெரியாது. தெரியும்வரை காத்திருந்தால் இன்னும் பல நூறு கன்றுகள் போயிருக்கும்.

தொடர்பு தற்செயல் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நியூசிலாந்து பதில் சொன்னது. ஐரோப்பாவிலிருந்து பூமியின் மறுபக்கம், வேறு மேய்ச்சல், வேறு பருவம், நீலநாக்கு நோய் இல்லாத நாடு. அங்கேயும் பிரெக்‌ஷூர் விற்கப்பட்டிருந்தது. 2011இல் அங்கேயும் கன்றுகள் இரத்தம் கசிந்தன, அங்கேயும் தடுப்பூசி திரும்பப் பெறப்பட்டது.

விற்பனையை நிறுத்தியதும் நோய் நின்றுவிடவில்லை. எதிர்ப்பொருள்கள் பசுவின் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கின. ஊசி போட்ட பசுக்கள் மந்தையில் இருந்தவரை கன்றுகள் அவ்வப்போது செத்துக்கொண்டுதான் இருந்தன. பண்ணையாளர்களுக்குச் சொல்லப்பட்ட வழி ஒன்றுதான்: அந்தத் தடுப்பூசி போட்ட மாட்டின் சீம்பாலைக் கொடுக்காதே, போடாத மாட்டின் சீம்பாலைக் கொடு. சீம்பாலே இல்லாமல் விட்டுவிடாதே என்பதையும் சேர்த்தே சொன்னார்கள், ஏனென்றால் அப்படி விட்டால் கழிச்சலும் நிமோனியாவும் அதைவிட அதிகக் கன்றுகளைக் கொண்டுபோயிருக்கும். பெரிய பண்ணைகளில் பல மாடுகளின் சீம்பாலைக் கலந்து உறைய வைத்துப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அங்கே ஊசி போடாத மாட்டின் கன்றுக்கும் ஆபத்து வர வழி இருந்தது.

ஊசி போட்ட எல்லா மாட்டின் கன்றுக்கும் இது வரவில்லை. பெருவாரியான கன்றுகள் நலமாகவே வளர்ந்தன, நோயுற்றவை மிகச் சிறு பங்குதான். லட்சக்கணக்கான மாடுகளுக்குப் போட்ட ஊசியில் அந்தச் சிறு பங்கே ஆயிரக்கணக்கான கன்றுகளானது. உரிமம் தருமுன் நடத்தும் சோதனைகளில் இவ்வளவு அரிதான விளைவு தெரியாமல் போவது இயல்பு. அதிலும் சோதனையில் கவனிப்பது ஊசி போட்ட மாட்டை. ஒன்பது மாதம் கழித்துப் பிறக்கும் கன்றின் இரண்டாவது வாரத்து இரத்தத்தை யார் எண்ணப் போகிறார்கள்? எந்தக் கன்று பிழைக்கும், எந்தக் கன்று விழும் என்று தீர்மானிப்பது கன்றின் குறி வகையைவிடத் தாய் எவ்வளவு எதிர்ப்பொருள் செய்தது என்பதே என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. சில பசுக்கள் பரம்பரையாகவே அதிகமாகச் செய்பவை. நோயை எதிர்ப்பதில் எந்தப் பசு வலிமையானதோ, அதன் கன்றுக்கே ஆபத்து அதிகமாக இருந்தது.

இதில் என்னை வருத்துவது ஒன்றுண்டு. இந்த வகை விபத்து புதிதல்ல. உண்ணி பரப்பும் பேபிசியா நோய்க்கு ஆஸ்திரேலியாவில் மாட்டின் இரத்தத்தையே தடுப்பூசியாகப் போட்டுவந்தார்கள். அப்படிப் போட்ட பசுக்களின் கன்றுகள் சீம்பால் குடித்ததும் சிவப்பணு உடைந்து, சோகையும் மஞ்சளுமாக இறந்ததை 1970இலேயே அங்கிருந்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் அனாபிளாஸ்மா நோய்க்கு மாட்டு இரத்தத்திலிருந்து செய்த தடுப்பூசியும் இதையே செய்தது. குதிரைக் குட்டிகளில் தடுப்பூசி எதுவும் இல்லாமலே இது நேர்வதைக் குதிரை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஓர் உடலின் செல்லை அதே இனத்து இன்னோர் உடலுக்குள் தூண்டுபொருளோடு செலுத்தினால் என்ன ஆகும் என்பது புத்தகத்தில் இருந்தது. சிவப்பணுவுக்குப் பொருந்திய பாடம் சிறுநீரகச் செல்லுக்கும் பொருந்தும் என்பதை அந்த இடத்தில் அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை.

மனிதர்களின் கதி என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். ரூபெல்லா, சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிகளில் சில 1960களில் உருவாக்கப்பட்ட மனிதச் செல்வரிசைகளில்தான் வளர்க்கப்படுகின்றன. தத்துவப்படி இதுவும் மனிதனுக்கு மனிதச் செல்தான். ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோடிக்கணக்கான பெண்கள் ரூபெல்லா ஊசி போட்டுக்கொண்டு பிள்ளை பெற்றிருக்கிறார்கள், இப்படி ஒரு நோய் வரவில்லை. ரூபெல்லாவும் சின்னம்மையும் உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள், அவற்றில் தூண்டுபொருள் சேர்ப்பதில்லை. இன்னொரு காரணம் இன்னும் அழகானது. பல முறை பிள்ளை பெற்ற தாய்மார்களில் கணிசமானவர்களின் இரத்தத்தில், தடுப்பூசி ஏதுமின்றியே, கணவரின் வழியாகக் குழந்தைக்கு வந்த எம்.எச்.சி. குறிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். அது குழந்தையைப் பெரும்பாலும் தொடுவதில்லை. மனித நஞ்சுக்கொடியின் செல்கள் குழந்தையின் உடலைச் சேர்ந்தவை, அதே குறியைச் சுமப்பவை; அவையே அந்த எதிர்ப்பொருளை வழியிலேயே உறிஞ்சிப் பிடித்துக்கொள்கின்றன. கன்றுக்கு அந்த வடிகட்டி இல்லை. எதிர்ப்பொருள் ஒன்பது மாதம் ஒரு துளியும் வராமலிருந்து, ஒரே நாளில் லிட்டர் கணக்கான சீம்பாலோடு குடல் வழியாக நேராக இரத்தத்தில் இறங்குகிறது.

சீம்பால் பொடியை ஊட்டச்சத்தாக விற்பதால் அதைப் பற்றியும் அச்சம் எழுந்தது. அந்தப் பசுக்களின் எதிர்ப்பொருள் மனிதச் செல்லின் எம்.எச்.சி. குறியையும் ஓரளவு பிடிக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வுக் குழாயில் பிடிப்பது வேறு, உடலுக்குள் போவது வேறு. மனிதக் குடல் எதிர்ப்பொருளை முழுசாக உள்ளே விடாது, செரித்துவிடும்.

நம் நாட்டு மாடுகளுக்கு வருவோம். பிரெக்‌ஷூர் கதையைப் பாதி கேட்டுவிட்டு, சினை மாட்டுக்கு எந்த ஊசியும் வேண்டாம் என்று யாராவது முடிவெடுத்தால் அதைவிடக் கேடு இல்லை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இங்கே பெருமளவில் போடப்படுவது கோமாரித் தடுப்பூசி. அதன் வைரஸை வளர்ப்பது ஹாம்ஸ்டர் எனும் எலி இனத்தின் சிறுநீரகச் செல்லில். மாட்டின் உடல் அந்த எலியின் புரதத்துக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்தாலும், கன்றின் உடலில் தாக்குவதற்கு அப்படி ஒரு குறி இருக்காது. கோமாரி ஊசி போட்ட இடத்தில் கட்டி, ஓரிரு நாள் காய்ச்சல், பால் சற்றுக் குறைவது, மிக அரிதாக ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சுத்திணறும் கடும் ஒவ்வாமை, இவை அதன் உண்மையான பக்கவிளைவுகள். கோமாரி வந்தால் போகும் பாலோடும், திடீரென்று துள்ளத்துடிக்க இறக்கும் கன்றுகளோடும் ஒப்பிட இவை சிறியவை. கன்றின் இதயத்தை அந்த வைரஸ் எப்படிக் கிழிக்கும் என்று பார்த்த எவரும் ஊசி வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

மாட்டின் செல்லிலேதான் வளர்க்க முடியும் என்ற கட்டாயம் உள்ள தடுப்பூசிகளும் உண்டு. கலப்பின மாடுகளைக் கொல்லும் தைலேரியா ஒட்டுண்ணி, மாட்டின் வெள்ளணுவுக்குள் வாழ்வது, அதனால் அதன் தடுப்பூசியும் அந்தச் செல்லிலேயே வளர்கிறது. இத்தகைய இடங்களில் தூண்டுபொருளின் வலிமை, செல் துணுக்கின் அளவு, எந்த வயதில், சினையின் எந்தக் கட்டத்தில், எத்தனை முறை போடுவது என்று ஒவ்வொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். உற்பத்தியாளர்களுக்கு பிரெக்‌ஷூர் விட்டுச்சென்ற வேலை அது. வைரஸ் வேறு விலங்கின் செல்லில் வளருமானால் அதை விரும்புவது, வளராவிட்டால் செல்லின் புரதத்தை முடிந்தவரை வடிகட்டி எடுப்பது.

பண்ணைப் பக்கம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. கன்று ஒன்று இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் காரணம் தெரியாமல் இறந்தால், கன்றின் கதையை மட்டும் கேட்டால் போதாது. தாய்க்குக் கடந்த ஈற்றிலிருந்து என்னென்ன ஊசி போடப்பட்டது, மருந்தின் பெயர், பாட்டிலில் அச்சிட்ட தொகுதி எண், கன்று குடித்தது எந்த மாட்டின் சீம்பால் என்பதெல்லாம் கால்நடை மருத்துவரிடம் சொல்லப்பட வேண்டும். அவர் அதைத் துறைக்கு எழுத வேண்டும். பவேரியாவிலும் உட்ரெக்ட்டிலும் துலூஸிலும் இந்த விவரங்கள் ஏட்டில் இருந்ததால்தான், மூன்று, நான்கு ஆண்டுகளில் ஒரு தடுப்பூசியைச் சுட்டிக்காட்டி நிறுத்த முடிந்தது.